இருமையைக் கடப்பது: மும்பையில் பௌத்தப் பயிற்சி செய்யும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் எனப் பல பக்கங்களிலிருந்தும் தியானத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. பயிற்சியை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் ஐந்தாம் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

1. இருமை என்று பௌத்தம் எதைச் சொல்கிறது?

உலகில் இரண்டு பொருள்கள் இருப்பது இருமை ஆகாது. உப்பும் சர்க்கரையும் வேறு வேறுதான். அதில் யாருக்கும் துன்பம் இல்லை. ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறுபாதியைத் தள்ளப் பார்க்கும் மனப்பழக்கத்தைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது.

இதில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கு, விருப்பும் வெறுப்பும். பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்கள் இதை எட்டு உலக தர்மங்களாக நான்கு இணைகளில் சொல்கின்றன: லாபம்-நஷ்டம், புகழ்-இகழ், பாராட்டு-பழிப்பு, இன்பம்-துன்பம். அதற்கு அடியில் இருப்பது ‘உண்டு-இல்லை’ என்ற பிடிவாதம். சம்யுத்த நிகாயம் என்ற பாலித் தொகுப்பின் கச்சானகோத்த சுத்தத்தில் (சுத்தம் என்றால் இங்கே புத்தர் மரபின் உரை) புத்தர், இந்த உலகம் பெரும்பாலும் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டைச் சார்ந்தே நிற்கிறது என்றும், தாம் அந்த இரண்டு ஓரங்களுக்கும் போகாமல் நடுவில் நின்று அறம் உரைப்பதாகவும் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில், ‘அறிகிற நான் - அறியப்படும் அது’ என்ற பிரிவு. யோகாசாரம் என்ற பௌத்தச் சிந்தனைப் பள்ளியும் அதன் ஆசிரியர் வசுபந்துவும் அதிகம் பேசியது இந்த மூன்றாவதைப் பற்றி.

பாதிக் குழப்பங்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருகின்றன. பாராட்டுக்கு மயங்கிப் பழிப்புக்குச் சுருங்கும் ஒருவர் மூன்றாவது அடுக்கைப் பற்றி எவ்வளவு படித்தாலும் அது வாய்ப்பேச்சாகவே நிற்கும். மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2. பிளவு எந்த இடத்தில் முளைக்கிறது?

இதற்கான விடையைத் தமிழே வைத்திருக்கிறது. மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும், ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரண்டு சார்புகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பயிற்சிக்கு உடனே பயன்படுவது நடுவில் உள்ள நான்கு: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று.

விடியற்காலை ஐந்து மணி. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒலி காதில் படுவது ஊறு. அது கசப்பாக இருப்பது நுகர்வு. ‘நின்று தொலைக்கட்டும்’ என்று மனம் முன்னால் பாய்வது வேட்கை. ‘இவர்கள் எப்பவுமே இப்படித்தான்’ என்பது பற்று. கடைசி வரிக்கு வரும்போது ‘நாம்’, ‘அவர்கள்’ என்று இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. விசில் அடித்து மூன்று வினாடிகூட ஆகியிருக்காது.

மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு பாலித் தொகுப்பின் மதுபிண்டிக சுத்தம் இதையே வாக்கிய அமைப்பால் காட்டுகிறது. கண்ணையும் உருவத்தையும் சார்ந்து பார்வை எழுகிறது என்று அது தொடங்கும்போது வாக்கியத்தில் ஆளே இல்லை. நுகர்வு வந்தவுடன் ‘எதை நுகர்கிறாரோ அதை அடையாளம் காண்கிறார், அதை எண்ணுகிறார், அதைப் பெருக்குகிறார்’ என்று ஆள் நுழைந்துவிடுகிறார். முடிவில் அவர் பெருக்கிய எண்ணங்களே அவர்மேல் பாய்கின்றன. ‘நான்’ என்பவர் முதலிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, நடுவில்தான் வந்து சேர்கிறார் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சொல்லில் இரண்டு பொறிகள் உள்ளன. பாலி ‘வேதனா’வைத் தமிழ் ‘வேதனை’ என்று படித்தால் வலி மட்டும் என்று தோன்றும். உண்மையில் இன்பம், துன்பம், இரண்டுமில்லாதது என மூன்றும் அதில் அடக்கம்; ‘நுகர்வு’ என்பதே சரியான சொல். அதேபோல மணிமேகலையின் ‘உணர்வு’ இன்று நாம் சொல்லும் உணர்ச்சி அல்ல, அறியும் செயல்.

3. அப்படியானால் எங்கே கை வைப்பது?

நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில். ஊறும் நுகர்வும் நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. விசில் ஒலி கசப்பாக இருந்தால் கசப்புதான். அதை இனிப்பாக்க முயல்வது வீண் வேலை. கசப்பைக் கசப்பென்று அறிந்து, அடுத்த அடி எடுத்து வைக்காமல் நிற்க முடிந்தால் பிளவுக்கு வேர் பிடிக்க மண் இல்லை.

4. பாஹியருக்குச் சொன்ன உபதேசம் என்கிறார்களே, அது என்ன?

உதானம் என்ற பாலி நூலின் முதல் வர்க்கத்தில், பத்தாவதாக உள்ளது. மரவுரி தரித்த பாஹியர் சுப்பாரகம் என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்தார். அந்தச் சுப்பாரகம்தான் இன்றைய சோப்பாரா. நீங்கள் விரார் லோக்கலில் கடந்துபோகும் அதே நாலாசோப்பாரா. மக்கள் தம்மை அருகதர் (முழு விடுதலை பெற்றவர்) என்று போற்றியதால் அவரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை என்று உணர்த்தப்பட்டதும் புத்தர் இருந்த சாவத்தி நகரம் வரை போனார். புத்தர் பிச்சைக்காகத் தெருவில் போய்க்கொண்டிருந்த நேரம். இப்போது வேளையில்லை என்று இரண்டு முறை சொன்ன புத்தர், பாஹியர் மூன்றாம் முறையும் கேட்கவே, தெருவில் நின்றபடியே சொன்னார்.

சொன்னதன் சாரம்: பார்த்ததில் பார்த்தது மட்டும் இருக்கட்டும், கேட்டதில் கேட்டது மட்டும், முகர்ந்து சுவைத்துத் தொட்டதில் அது மட்டும், அறிந்ததில் அறிந்தது மட்டும். அப்படி இருந்தால் நீ ‘அதனால்’ ஆனவன் இல்லை, ‘அதில்’ இருப்பவனும் இல்லை. இங்கும் இல்லை, அங்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவிலும் இல்லை. அதுவே துன்பத்தின் முடிவு.

கடைசி வரியைக் கவனியுங்கள். ‘நடுவிலும் இல்லை’ என்கிறார். இரண்டு ஓரத்தையும் விட்டு, நடுவில் ஒரு வசதியான இடம் தேடி உட்காருவதும் இங்கே மறுக்கப்படுகிறது. நடுவழி என்பதை ‘இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்’ என்று புரிந்துகொண்டவர்கள் இந்த வரியில் நீண்ட நேரம் நிற்க வேண்டும்.

5. தினமும் என்ன செய்ய வேண்டும்? அளவோடு சொல்லுங்கள்.

ஒரு வேளைக்கு 20 நிமிடம். காலை என்றால் சாப்பாட்டுக்கு முன். மாலை என்றால் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. தரையில் மடித்த போர்வை போதும். முட்டி ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் முதுகு சாயாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காரலாம். இதில் எந்தக் குறைவும் இல்லை.

முதல் 5 நிமிடம் மூச்சு. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில், மேலுதட்டுக்கு மேல் காற்று படும் இடத்தை மட்டும் அறியுங்கள். மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டாம்.

அடுத்த 8 நிமிடம் ஒலி. மும்பையில் இதற்குப் பஞ்சமே இல்லை. வரும் ஒலியில் மூன்றைப் பிரித்துப் பாருங்கள்: ஒலி, அதன் நுகர்வு, அதற்கு மனம் வைத்த பெயர். ரிக்‌ஷா ஹார்ன் ஒலித்தால் ‘ஒலி’, பிறகு ‘கசப்பு’, பிறகு ‘ரிக்‌ஷா’. இந்தச் சொற்களை மனத்துக்குள் மெல்லச் சொல்லலாம். சொல்லாமல் அறிந்தாலும் சரி. பெரும்பாலும் முதல் வாரத்தில் பெயர்தான் முந்திக்கொண்டு வரும். அது தோல்வி இல்லை. பெயர் எவ்வளவு வேகமாக ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டதே அந்த வாரத்து வேலை. இரண்டுமில்லாத நுகர்வுகளையும் விட்டுவிடாதீர்கள். மின்விசிறிச் சத்தம் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. மனம் அதில் அலுத்துப்போய் வேறெங்காவது ஓடுவதைப் பார்த்தால், ஓடத் தூண்டுவது எது என்று தெரியும்.

அடுத்த 4 நிமிடம், ஒலி கேட்கும்போதே ‘கேட்பவர் எங்கே?’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். விடை சொல்ல முயல வேண்டாம். தலைக்குள், காதுக்குப் பின்னால், நெஞ்சில் என்று எங்காவது ஓர் இறுக்கம் தென்படும். ‘கேட்பவர்’ என்று நாம் கருதியது அந்த இறுக்கத்தைத்தான். ஆனால் அதுவும் அறியப்படுகிறது. அறியப்படுவது எப்படி அறிபவராக இருக்க முடியும்? இதை வாதமாக ஓட்டாமல், இறுக்கத்தை இறுக்கமாக மட்டும் உணருங்கள்.

கடைசி 3 நிமிடம் மைத்திரி, அதாவது தன்னிடமும் பிறரிடமும் நல்லெண்ணம் வளர்ப்பது. பதினோராம் கேள்வியில் விளக்கம் உள்ளது.

மூன்றாம் பகுதியை உடனே தொடங்காதீர்கள். முதல் ஆறு வாரம் மூச்சும் ஒலியும் மைத்திரியும் போதும். அந்த 4 நிமிடத்தையும் ஒலிக்கே கொடுங்கள். நுகர்வை நுகர்வாகப் பிடிக்கத் தெரியாமல் ‘நான் யார்’ பக்கம் போனால் அது சிந்தனை விளையாட்டாகிவிடும், அல்லது தலைபாரம் வரும். தலைபாரம் வந்தால் காரணம் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்கி உற்று நோக்குவது. கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுவந்து ஐந்து மூச்சு விடுங்கள்.

இதோடு ஒரு நோட்டு. இரவு படுக்குமுன் எட்டு உலக தர்மங்களில் அன்று எது இழுத்தது என்று ஒரே வரி. ‘பழிப்பு. மேனேஜர் மெயில். இரண்டு மணி நேரம்.’ இவ்வளவு போதும். எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மாற்றம் தெரியப்போவது அந்த எண்ணில்தான். கசப்பு வருவது நிற்காது, தங்கும் நேரம் குறையும்.

6. லோக்கல் ரயிலில் பயிற்சி செய்யலாமா?

தாராளமாக. கூட்ட நேரத்து லோக்கலைப் போல இதைக் காட்டும் இடம் வேறு இல்லை. பிளாட்பாரத்தில் நிற்கும்போது ‘உள்ளே இடமிருக்கிறது, கொஞ்சம் தள்ளுங்க’ என்கிறோம். ஏறி ஒரு காலை ஊன்றியதும், அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவரைப் பார்த்து ‘இடமே இல்லை’ என்கிறோம். பொய் சொல்லவில்லை, இரண்டு நேரத்திலும் மனதார நம்புகிறோம். ‘உள்ளே இருப்பவர்’, ‘வெளியே இருப்பவர்’ என்ற பெயர்கள் ஆளைச் சார்ந்தவை அல்ல, நிற்கும் இடத்தைச் சார்ந்தவை.

செய்ய வேண்டியது இதுதான். ரயில் நிற்பதற்கு முன், தோளிலும் தாடையிலும் ஏறும் இறுக்கத்தைக் கவனியுங்கள். அது ‘வழிவிட மாட்டேன்’ என்ற எண்ணத்துக்கு முன்பே வந்துவிடும். இறுக்கத்தை அறிந்து ஒரு மூச்சை வெளியே விடுங்கள். பிறகு வழிவிட முடிந்தால் விடுங்கள். உண்மையிலேயே முடியாவிட்டால் முடியாதென்று சொல்லுங்கள். கண்ணை மூட வேண்டாம். கதவருகே நிற்கும்போது இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயிலை மட்டும் கவனியுங்கள்.

7. இதுவும் அத்வைதமும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்தக் கலப்பைத் தமிழ்ப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கிறோம், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

சங்கரரின் அத்வைதம், இரண்டாவது இல்லாத ஒரே மெய்ப்பொருள் பிரம்மம், ஆத்மா அதுவே என்கிறது. பௌத்தத்தின் பெரும் பிரிவுகளில் ஒன்றான மகாயானம் பயன்படுத்தும் சொல் ‘அத்வயம்’. இரண்டில்லை என்பதோடு அது நின்றுவிடுகிறது. ‘ஆகவே ஒன்று’ என்று அடுத்த அடி வைப்பதில்லை. ‘எல்லாம் ஒன்று’ என்பதையும் ‘எல்லாம் பல’ என்பதையும் சம்யுத்த நிகாயத்தில் புத்தர் ஓரங்களாகவே எண்ணி விலக்குகிறார். அலையெல்லாம் கடலில் கரைந்து ஒன்றாகிவிடும் என்ற உவமை அத்வைதத்துக்குப் பொருந்தும். பௌத்தத்துக்குப் பொருந்துவது இரண்டு நாணல் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் உவமை; புத்தரின் சீடர் சாரிபுத்தர் சொன்னது. ஒன்றை எடுத்தால் மற்றதும் விழும். இரண்டும் ஒன்றாகிவிடவில்லை, தனித்தும் நிற்கவில்லை.

இரண்டு மரபும் பெரியவை. எது உயர்ந்தது என்ற வழக்கு நமக்கு வேண்டாம். ஆனால் பயிற்சியில் வித்தியாசம் உண்டு. ‘நானே அது’ என்று பாவிக்கும் தியானமும், ‘இது நான் அல்ல, இது என்னுடையதும் அல்ல’ என்று பார்க்கும் தியானமும் ஒரே அமர்வில் சேராது.

8. எல்லாம் சூனியம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

தமிழில் ‘சூனியம்’ என்றால் ஒன்றுமில்லாதது, அல்லது யாரோ வைத்த பில்லி சூனியம். இரண்டுமே இங்கே பொருந்தாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த மகாயான ஆசிரியர் நாகார்ஜுனர், சார்ந்து தோன்றுவதையே சூன்யதை என்கிறோம் என்று தம் நூலான மூலமத்யமக காரிகையின் 24ஆம் அதிகாரத்தில் வரையறுக்கிறார். தன்னந்தனியாக, எதையும் சாராமல் நிற்கும் தன்மை ஒரு பொருளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

தாராவியில் முப்பது வருடமாக இருக்கும் ஒருவர் விடுமுறைக்குத் திருநெல்வேலி போனால் ‘பம்பாய்க்காரர் வந்திருக்கார்’ என்கிறார்கள். இங்கே அவர் ‘மதராசி’. அவரிடம் பம்பாய்த்தன்மையும் மதராசித்தன்மையும் எங்கும் ஒட்டிக்கொண்டில்லை. பார்ப்பவர் நிற்கும் இடத்தைச் சார்ந்து பெயர் பிறக்கிறது. அதற்காக அவர் இல்லாமல் போய்விடவில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறது, முட்டி வலிக்கிறது, பேத்திக்கு அல்வா வாங்குகிறார்.

சூன்யதையைத் தவறாகப் பிடித்தால், தப்பாகப் பிடித்த பாம்பு போல அழித்துவிடும் என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது. ‘எதற்கும் அர்த்தமில்லை’ என்று தோன்றத் தொடங்கினால் பாம்பு திரும்பிவிட்டதென்று பொருள். வாசிப்பை நிறுத்தி மூச்சுக்கும் மைத்திரிக்கும் திரும்புங்கள்.

9. நல்லது-கெட்டது என்ற பிரிவே கூடாதென்றால் பஞ்சசீலம் எதற்கு?

கொலை, களவு, தவறான காமம், பொய், போதை ஆகிய ஐந்திலிருந்தும் விலகுவது இந்தப் பயிற்சியின் தரை. மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தம் போதனையைத் தெப்பத்துக்கு ஒப்பிடுகிறார்: கரை சேர்ந்தபின் அதைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. போரிவலியிலிருந்து கோராய் முனைக்குப் படகில் போகிறவர்களுக்குத் தெரியும், அக்கரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நடு ஓடையில் யாரும் இறங்குவதில்லை. ‘நான் இருமை கடந்தவன்’ என்று சொல்லிச் சீலத்தை மீறுகிற ஆசிரியர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

10. சாதிக் கொடுமையை எதிர்ப்பவர் ‘நாம்-அவர்கள்’ என்று பிரிக்கத்தானே செய்கிறார்? அதையும் விட வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இருமையைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை என்று நினைக்கிறோம்.

சாதி என்பதே மனிதர் கட்டிய இருமைகளில் மிகக் கொடியது. சுத்த நிபாதம் என்ற பாலி நூலின் வாசெட்ட சுத்தத்தில் புத்தர் புல், மரம், பூச்சி, நான்கு கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை என ஒவ்வொன்றாக எடுத்து, இவற்றுக்குப் பிறப்பால் வேறுபட்ட அடையாளங்கள் உண்டு என்கிறார். பிறகு மனிதருக்கு வருகிறார்: முடியில் இல்லை, தலையில் இல்லை, காதில் இல்லை, கண்ணில் இல்லை என்று உறுப்பு உறுப்பாகத் தேடி, மனிதருக்குள் அப்படி எந்த அடையாளமும் இல்லை, உள்ளதெல்லாம் வழக்கில் வைத்த பெயர் என்று முடிக்கிறார். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும், 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் தம்மம் தழுவிய பாபாசாகேப் அம்பேத்கரும் பௌத்தத்துக்கு வந்தது இந்தப் பொய்ப் பிளவை உடைக்க.

ஒடுக்குகிறவரிடம் ‘இது அநீதி’ என்று சொல்வது உள்ளதை உள்ளபடி சொல்வது. பயிற்சி செய்யும் வேலை வேறு: அதைச் சொல்கிறவரின் நெஞ்சு வெறுப்பில் வெந்துபோகாமல் காப்பது. எதிர்ப்பு இருக்கட்டும், எரிச்சலில் நாம் எரிய வேண்டியதில்லை. அடிபட்டவரிடம் போய் ‘எல்லாம் மாயை, மன்னித்துவிடுங்கள்’ என்று சொல்கிறவர் இருமையைக் கடக்கவில்லை. மேலே நிற்பவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

11. நான்-பிறர் என்ற எல்லையைத் தளர்த்த மைத்திரி எப்படி உதவும்?

விசுத்திமார்க்கம் என்ற பாலிப் பயிற்சி நூல் சொல்லும் வரிசை: முதலில் தன்னிடம், பிறகு அன்புக்குரியவரிடம், பிறகு விருப்போ வெறுப்போ இல்லாத ஒருவரிடம், கடைசியாகப் பகைவரிடம். மூன்றாமவருக்குத் தினமும் பார்த்தும் பேர் தெரியாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: லிஃப்ட்மேன், பால் போடுகிறவர். பகைவரில் மிகப் பெரிய காயம் தந்தவரை எடுக்காதீர்கள். வாட்ஸாப் குழுவில் எரிச்சல் மூட்டுகிறவர் போதும். ‘துன்பமில்லாமல் இருக்கட்டும், பகையில்லாமல் இருக்கட்டும்’ என்ற இரண்டு வரியே போதுமானது.

இதற்கு அந்த நூலே ஒரு சோதனை வைக்கிறது. இந்த நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கொள்ளையர் வந்து ‘ஒருவரைக் கொடு, பலியிட வேண்டும்’ என்கிறார்கள். ‘இன்னாரைக் கொண்டுபோ’ என்று நினைத்தால் எல்லை உடையவில்லை. ‘என்னைக் கொண்டுபோ’ என்று நினைத்தாலும் உடையவில்லை! நால்வரில் கொடுக்கத்தக்கவர் ஒருவரும் இல்லை என்று தெரியும்போதுதான் எல்லை உடைகிறது. தன்னை மட்டும் கழித்துக்கொண்டு எல்லோருக்கும் உழைக்கும் நம் அம்மாக்களும் அக்காக்களும் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். தியாகம் என்ற பெயரில் தன்னைத் தள்ளுவதும் பிளவுதான்.

12. பயிற்சி தொடங்கியதிலிருந்து நான் கல்லாகிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வீட்டார் சொல்வதை நம்புங்கள். சமநிலைக்கு அருகில் நிற்கும் எதிரி என்று விசுத்திமார்க்கம் குறிப்பது, அறியாமையால் வரும் அலட்சியத்தை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழி உண்டு: சமநிலையில் எதிரே இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரியும், குரலில் உள்ள நடுக்கம் கேட்கும். அலட்சியத்தில் எல்லாம் மங்கலாக, தூரத்தில் இருக்கும். காரணம், நுகர்வை அறிவதற்குப் பதில் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுவது. இரண்டு வாரம் ஒலிப் பகுதியைக் குறைத்து மைத்திரியை 10 நிமிடமாக்குங்கள். வாக்குவாதத்தின் நடுவில் மௌனமாகிவிடுகிற வழக்கமும் இதோடு சேர்ந்ததே. மகாயான நூலான விமலகீர்த்தி சூத்திரத்தில் அத்வயம் பற்றிய கேள்விக்கு, இல்லறத்தாரான விமலகீர்த்தி காத்த மௌனம் புகழப்படுகிறது. அதே சூத்திரத்தில் வேறோர் இடத்தில் சாரிபுத்தர் பேசாமல் இருந்ததற்கு, சொல்லும் விடுதலையின் வடிவம்தானே என்று ஒரு தேவி அவரை மடக்குகிறாள். எல்லா மௌனமும் ஒரே மௌனம் இல்லை.

13. ஒருநாள் உடலின் எல்லையே கரைந்துவிட்டது. இது ஞானமா?

இல்லை. ஒளி, பரவசம், அமைதி, சுகம் போன்ற பத்தை விபஸ்ஸனாவின் (உள்ளதை உள்ளபடி பார்க்கும் தியானத்தின்) மாசுகள் என்று விசுத்திமார்க்கம் பட்டியலிடுகிறது. அவை கெட்டவை என்பதால் அல்ல, ‘அடைந்துவிட்டேன்’ என்று நினைக்க வைப்பதால். பாஹியருக்கு நேர்ந்ததும் அதுதானே. மறுநாள் அதையே எதிர்பார்த்து உட்காருவீர்கள், வராது, அன்றைய அமர்வு முழுக்கக் ‘கரைந்த நாள்-கரையாத நாள்’ என்ற புது இருமையில் போய்விடும். நோட்டைப் பாருங்கள். அந்த வாரம் பழிப்பு எவ்வளவு நேரம் தங்கியது?

14. யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், உலகம் கனவு போலவும் தன் உடல் வேறு யாருடையதோ போலவும் ஏற்கெனவே தோன்றுகிறவர்கள். இவர்கள் ‘கேட்பவர் எங்கே’ பகுதியைச் செய்யவே வேண்டாம். நீண்ட முகாமுக்குப் போகுமுன் மருத்துவரிடம் பேசுங்கள், மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள், பதிவுப் படிவத்தில் நோயை மறைக்காதீர்கள். பயிற்சியின் நடுவே தூக்கம் இரண்டு நாளுக்கு மேல் கெட்டால் நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

15. தேரவாதமா, மகாயானமா?

எதில் நல்ல ஆசிரியர் கிடைக்கிறாரோ அதில் தொடங்கலாம். பாலி நூல்களைச் சார்ந்த மரபான தேரவாதம், குசலம்-அகுசலம் (நல்லது-தீயது) என்ற பிரிவைக் கறாராக வைத்திருக்கும். அத்வயம் என்று பேசாது. மகாயானம் அதை வெளிப்படையாகப் பேசும். தொடக்க வருடங்களின் வேலை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

16. மும்பையில் எங்கே போகலாம்?

கோராயில் உள்ள குளோபல் விபஸ்ஸனா பகோடா 2009இல் திறக்கப்பட்டது. தூணே இல்லாத குவிமாடத்தின் கீழ் 8,000 பேர் அமரலாம். புதிதாக வருகிறவர்களுக்குச் சிறிது நேர ஆனாபானப் பயிற்சி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி உண்டு. விபஸ்ஸனா ஆசிரியர் எஸ். என். கோயங்கா இந்தியாவில் தம் முதல் முகாமை நடத்தியது இந்த நகரத்தில்தான், 1969இல். முழு முகாமுக்கு நாசிக் மாவட்டத்து இகத்புரி இருக்கிறது. பத்து நாள் முகாம் என்றாலும் முந்தின நாள் மாலை போய்ப் பதினோராம் நாள் காலை திரும்புவதால் 12 நாள் விடுப்புக் கேளுங்கள். கட்டணம் இல்லை, முடித்தபின் விரும்பினால் தானம். அங்கே இருக்கும்வரை மேலே ஐந்தில் சொன்ன பயிற்சியை ஒதுக்கிவைத்து, அவர்கள் சொல்வதை மட்டும் செய்யுங்கள். கலந்தால் இரண்டுமே கெடும். தமிழ்ப் பதிவில் உரைகள் கிடைக்குமா என்று பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வொர்லியில் ஜப்பானிய நிப்போன்சான் மியோஹோஜி கோயில் இருக்கிறது. மேளம் தட்டி ஓதும் மரபு. தாதரில் அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமிக்கு, அவர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று போனால் கூட்டம் கடலாக இருக்கும். தனியாக உட்கார விரும்பினால் வேறு நாளில் போங்கள். போரிவலி தேசியப் பூங்காவுக்குள் உள்ள கன்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குடைவரைகளும், பிக்குகள் அமர்ந்த கல் மேடைகளும், நீர்த்தொட்டிகளும் உள்ளன. திங்கட்கிழமை விடுமுறை.

17. பாஹியரின் சோப்பாராவில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு தூபியின் எச்சம். 1882இல் பண்டிதர் பகவான்லால் இந்திராஜி அகழ்ந்து பேழைகளைக் கண்டெடுத்தார். அசோகரின் பாறைக் கல்வெட்டுத் துண்டுகளும் இந்த ஊரில் கிடைத்துள்ளன. விரார் லோக்கலில் நாலாசோப்பாராவில் இறங்கி மேற்குப் பக்கம் வெளியே வந்து, ரிக்‌ஷாவில் ‘பௌத்த ஸ்தூப்’ என்று கேளுங்கள். செங்கல் மேடும் சுற்றி மரங்களும்தான். அலங்காரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். விடுமுறை நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது, வெயில் ஏறியபின் உட்கார முடியாது. தண்ணீரும், விரித்து உட்கார ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். அக்கம்பக்கத்தில் பேச்சும் வண்டிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒலிப் பயிற்சியை அங்கேயே 20 நிமிடம் செய்யலாம்.